வாத்துகள் நம்மை நம்பிவிட்டன

நீர்ப்பறவை நலவாரியத்தில் ஒரு முடிவு தப்பாக வருவதற்கு வழியே கிடையாது. விதிப்புத்தகத்தின் பதினான்காம் விதி அதைப் பார்த்துக்கொண்டது. ஏரியில் பிடித்த காட்டு வாத்தின் ஈரலை அறுத்து, அமிலத்தில் கரைத்து, கருவிக்குள் விட்டால் கருவி ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அதற்குப் பெயர் முடிவு. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ‘உண்ணத் தகுந்தது’ என்று பச்சைச் சீட்டு அடித்துக் கொடுத்துவிடலாம். எண் அளவைத் தாண்டிவிட்டால் அதற்குப் பெயர் சந்தேகம். சந்தேகத்தை எங்கும் எழுதக் கூடாது. அது தீரும்வரை சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு மறுசோதனைக்கும் முன்னால் கரைசலைக் ‘கழுவ’ வேண்டும் என்று ஓர் அடிக்குறிப்பும் இருந்தது. கழுவுவது என்றால் வேறொன்றும் இல்லை, சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது. எத்தனை சொட்டு என்று அடிக்குறிப்பு சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தத் தண்ணீரைச் சேர்த்துவந்த உதவிச் சோதனையாளருக்கு அலுவலகத்தில் சொட்டு என்றே பெயர் வந்துவிட்டது. முதலில் கொஞ்சநாள் முறைத்துப் பார்த்தார். அப்புறம் சொட்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பினார்.

சொட்டு அயோக்கியர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகப்போக உங்களுக்கே சந்தேகம் வரும். பதினெட்டு வருடம் அந்த ஏரி வாத்துகளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு சொட்டு சேர்த்தால் போதும், பாதி நாள் அதுவும் தேவைப்படாது. மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் கருவி ஒன்பது மடங்கு காட்டியது. ஈயம், அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கு. சொட்டு கருவியைத் தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டார். ஒன்பதுதான். சரி என்று கழுவ ஆரம்பித்தார். சொட்டு போதவில்லை, கரண்டியால் ஊற்றினார். குடுவை நிறைந்தது. பெரிய குடுவைக்கு மாற்றினார், அதுவும் நிறைந்தது. கடைசியில் தரை துடைக்கிற வாளியை நன்றாகத் தேய்த்துக் கொண்டுவந்து அதில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டார். வாளி முக்கால் நிறைந்தபோது சந்தேகம் தீர்ந்தது. பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போகுமுன் சட்டைப் பையிலிருந்த சின்னக் குறிப்பேட்டில், யாருக்கும் காட்டாமல், ‘9’ என்று எழுதிக்கொண்டார். அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் உண்மை இருக்கட்டும் என்று தோன்றியது. அதிலிருந்து மாதாமாதம் கழுவாத எண் ஒன்று அதில் ஏறியது.

மறுநாள் மனசு கேட்காமல் இன்னொரு வாத்தின் வயிற்றைப் பிளந்து பார்த்தார். வாத்துக்குப் பல் இல்லை. தின்றதை அரைக்க ஏரிச் சேற்றிலிருந்து சின்னச் சின்னக் கற்களை விழுங்கி வயிற்றுக்குள் ஒரு தசைப்பையில் வைத்துக்கொள்ளும். அந்தப் பையில், கல்லோடு கல்லாக, மிளகு அளவில் பதினோரு சாம்பல்நிற உருண்டைகள் கிடந்தன. நகத்தால் அழுத்தினால் கோடு விழுந்தது. துப்பாக்கியில் போடுகிற ஈய ரவை.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எதிர்க்கரையில் குறிபார்த்துச் சுடும் மன்றம் இருக்கிறது. மண்தட்டை வானத்தில் வீசிவிட்டு அதைச் சுடுவார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று போன வருடம் மைதானத்தையே திருப்பி ஏரியைப் பார்த்த மாதிரி வைத்துக்கொண்டார்கள். மன்றத்தின் தலைவரும் வாரியத்தின் தலைவரும் ஒருவரே. இரண்டு பதவிக்கும் அவரே பொருத்தமானவர் என்று இரண்டு தீர்மானமும் அவரே முன்மொழிந்தார்.

சொட்டு பதினோரு ரவையையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார்.

“என்ன இது, மிளகா?” என்றார் தலைவர்.

“ஈய ரவைங்க ஐயா. வாத்து வயித்துல இருந்துச்சு.”

“அது எதுக்கு இதை முழுங்குது?”

“கல்லுன்னு நெனச்சு முழுங்குதுங்க.”

“அப்ப தப்பு யார் மேல?”

தலைவர் ஒரு ரவையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதன் தரத்தில் அவருக்குத் திருப்தி இருந்ததாகத் தெரிந்தது.

“நல்லா கேட்டுக்கங்க. மன்றத்துக்காரங்க ஏரியில சுடலை, வானத்துல சுடறாங்க. சுட்டது கீழ வந்து விழறது பூமியோட இழுப்பு. பூமி நம்ம துறையில வராது. வாத்து நம்ம துறைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அது வெளியிலேருந்து வர்ற பறவை, விருந்தாளி. விருந்தாளி என்ன சாப்பிடணும், என்ன சாப்பிடக் கூடாதுன்னு நாம சொன்னா மரியாதையா இருக்குமா?”

“இல்லீங்க ஐயா, அதைச் சாப்பிடற ஜனங்க...”

“ஜனங்களுக்கு வேற துறை இருக்கு.” தலைவர் கிண்ணத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். “உங்க பதவி உயர்வுக் கோப்பு என் மேசையிலதான் இருக்கு தெரியுமா? படிச்சுப் பாத்தேன். பத்தொன்பது வருஷத்துல ஒரு தப்பான முடிவுகூட இல்லை. இந்த மாதிரி கோப்பை நான் பாத்ததே இல்லை.”

சொட்டு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று படியிறங்கும்போதுதான் யோசித்தார். அப்போது திரும்பிப் போய் அதை வாங்கிக்கொள்ளவும் முடியாது.

சொட்டுக்கு மனைவி மக்கள் இல்லை, ஒரே தங்கை. அவள் வீடு ஏரிக்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது. தங்கை புருஷன் உரிமம் வைத்திருக்கிற வேட்டைக்காரர். பிடிக்கிற வாத்தைச் சந்தையில் கொடுப்பார், மிஞ்சியது வீட்டுக்கு. வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வீட்டில் வாத்துதான். சமையலறை அலமாரிக் கதவில் தங்கை ஒரு பச்சைச் சீட்டை ஒட்டி வைத்திருந்தாள். சந்தையில் ஒட்ட வேண்டிய சீட்டு அது. அண்ணன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். எல்லாரும் குட்டி என்றார்கள். மாமாவைக் கண்டால் ஓடிவந்து நூறுவரை எண்ணிக் காட்டுவாள், அதுதான் அவள் வித்தை. சில மாதங்களாக அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. முதலில் எழுபதில் நின்றாள். அப்புறம் நாற்பதில். “அடுத்து என்ன மாமா?” என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள். உதடு வெளுத்திருந்தது.

“டாக்டர்கிட்ட காட்டினேன் அண்ணே,” என்றாள் தங்கை, அடுப்பில் ஈரலைப் புரட்டிக்கொண்டே. “ரத்தம் கம்மியா இருக்காம். ஈரல் குடுங்க, நல்லா ஊறும்னாரு. இது குடுக்கலாம்ல? உங்க ஆபீஸ்ல பாத்ததுதானே எல்லாம்?”

சொட்டு “ம்” என்றார்.

பொய் சொன்னார் என்று யாரும் அவரைப் பிடிக்க முடியாது. வாயையே திறக்கவில்லை. ஆனால் அந்த “ம்” அவரை விடவில்லை. வண்டியில் போகும்போது கேட்டது, குடுவை கழுவும்போது கேட்டது, முகம் மழிக்கும்போது கண்ணாடியில் இருந்தவர் அதையே சொன்னார். ஈயம் வாத்தின் உடம்பில் எங்கே போய்த் தங்கும் என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஈரலில்.

தங்கை தட்டை நீட்டினாள். “நீயும் சாப்பிடு.”

“வேணாம்மா. வயிறு சரியில்லை.”

“எப்பப் பாரு வயிறு சரியில்லை. என்னத்தத்தான் வெளியில தின்னு தொலைக்கிறியோ,” என்றவள், அவர் தட்டில் இருந்ததையும் சேர்த்துக் குட்டிக்கு வைத்தாள்.

மாப்பிள்ளை வெளியிலிருந்து கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், உற்சாகமாகவே பேசுவார். “மச்சான், இந்த வருஷம் மாதிரி நான் பாத்ததே இல்லை. வலையும் வேணாம், துப்பாக்கியும் வேணாம். றெக்கையைத் தொங்கப் போட்டுட்டுக் கரையில ஒக்காந்திருக்கு. போய்க் கையால எடுத்துச் சாக்குல போட்டுக்க வேண்டியதுதான். இன்னிக்கு ஒண்ணு என்னைப் பாத்து நடந்தே வந்துச்சு.”

“மாப்ள, ஓடாத வாத்தை எடுக்காதீங்க.”

“ஓடுறதை எதுக்கு மச்சான் தொரத்திட்டு இருக்கணும், ஓடாததே இவ்வளவு இருக்கறப்போ?”

இதற்குச் சொட்டிடம் ஒரு பதில் இருந்தது. ஈயம் நரம்பில் ஏறினால் வாத்தின் றெக்கை அப்படித்தான் தொங்கும். அதனால் கையில் பிடிபடுகிறதுதான் கூட்டத்திலேயே அதிகம் விஷம் ஏறினது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதற்கு அடுத்த கேள்வி ‘அப்ப அந்தச் சீட்டு?’ என்று வரும். சொட்டு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நேராகச் சொல்ல தைரியம் இல்லாதவர்கள் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்ப்பார்கள். சொட்டு மறுநாள் செயலாளர் அம்மாவிடம் போனார். அந்த அம்மா ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ‘இவ்வாண்டின் சாதனை’ என்ற தலைப்பு மட்டும் மூன்று நாளாகக் காலியாகக் கிடந்ததால் எரிச்சலில் இருந்தார்.

“அம்மா, ஏரியில வாத்தெல்லாம் பறக்காம கையிலயே பிடிபடுதாங்க.”

பேனா நிமிர்ந்தது. “கையிலயா? மனுஷனைப் பாத்துப் பயப்படலையா?”

“பயப்படவே தெம்பு இல்லைங்கம்மா, அது...”

“எங்க, மொதல்லேருந்து சொல்லுங்க. எவ்வளவு கிட்டப் போகலாம்?”

ஒரு வாரத்தில் வாரியத்தின் வாசலில் பெரிய பலகை ஏறியது. ‘வாத்துகள் நம்மை நம்பிவிட்டன.’ கீழே விவரம் இருந்தது. முன்பெல்லாம் மனிதன் நாற்பது அடி தூரத்தில் வந்தாலே வாத்து பறந்துவிடும். வாரியத்தின் இடைவிடாத அன்பான நடவடிக்கைகளால் அந்தத் தூரம் பூஜ்யமாகிவிட்டது. இதற்கு நம்பிக்கைத் தூரம் என்று பெயரிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோக முடியுமா என்று ஆராய ஒரு குழுவும் போட்டார்கள்.

மற்ற ஏரிகளின் வாரியங்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு வாத்தை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரியின் மடியிலேயே ஒரு வாத்து கழுத்தைச் சாய்த்துச் செத்துப்போனது. செயலாளர் அம்மா அதைப் பதிவேட்டில் ‘முழு நம்பிக்கையில் ஆழ்ந்த ஓய்வு’ என்று குறித்தார். கண்ணாடிக்காரர் தங்கள் ஏரி வாத்துகள் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன என்று வெட்கப்பட்டார்.

நம்பிக்கைத் தூரத்தை முதலில் எட்டிய வேட்டைக்காரருக்கு ஆண்டுவிழாவில் ‘வாத்துத் தோழர்’ கேடயம் என்று அறிவிப்பு வந்தது. கிடைத்தது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. தங்கை அலுவலகத்துக்கே போன் போட்டு, “நீதானே அண்ணே இவர் பேரைச் சொன்னே?” என்று அழுகிற குரலில் சந்தோஷப்பட்டாள். சொட்டு அதற்கும் “ம்” என்றார்.

அன்றைக்குத்தான் அவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். ‘ஈரலில் ஈயம் பதின்மூன்று மடங்கு உள்ளது. வாத்துகள் நம்மை நம்பவில்லை, அவற்றால் பறக்க முடியவில்லை. மக்கள் உண்பதை நிறுத்த வேண்டும்.’ மூன்று வரி. எழுத்து தெளிவாக வந்தது. கொண்டுபோய் உள்தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது. எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று நினைத்துக்கொண்டார். அந்த நிம்மதியோடேயே மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரமும் குட்டி ஈரல் சாப்பிட்டாள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க அவர் மிகவும் பாடுபட்டார்.

பதில் ஆறு பக்கம் வந்தது. வாரியம் ஒவ்வொரு வாத்தின் காலிலும் அடையாளத்துக்காக ஓர் உலோக வளையம் மாட்டியிருக்கிறது. ஆகவே வாத்தில் உலோகம் காணப்பட்டால் அது வாரியத்தின் வளையமே. மோதிரம் போட்டவருக்கு ரத்தத்தில் தங்கம் என்று எழுதுவது முறையாகாது. வளையத்தைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாமே என்றால், வளையம் இல்லாத வாத்து வாரியத்தில் பதிவான வாத்து ஆகாது. பதிவாகாத வாத்தைச் சோதிக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. எனவே உதவிச் சோதனையாளரின் ஆர்வம் பாராட்டப்படுகிறது, பொருள் முடித்துவைக்கப்படுகிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனாவால் ஒரு வரி இருந்தது: ‘பதவி உயர்வு ஆணை விழா அன்று வழங்கப்படும்.’

சொட்டு அந்த வரியை மூன்றுமுறை படித்தார். அவமானமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கூடுதல் அவமானம்.

விழாவுக்கு முந்தின நாள் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனதும் எழுந்துபோய் அவரே கதவைச் சாத்தினார். மேசைமேல் உரித்த வாத்துகள் ஆறு, பொட்டலமாக இருந்தன.

“இது பண்ணையில வளத்த வாத்து. நாளைக்கு மேடையில ஒக்கார்றவங்களுக்கு. கூட்டத்துக்கு ஏரி வாத்துதான், அது ஊரோட பெருமை. இந்த ஆறையும் பாத்துக் குடுத்துடுங்க.”

“சரிங்க ஐயா. கழுவிப் பாத்துடறேன்.”

“கழுவாதீங்க.” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “கழுவாம பாருங்க. நெஜமா என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க. என் பேத்தியும் வர்றா, புரியுதா?”

புரிந்தது. ஏழு மாதமாகப் புரியாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து புரிந்தது. இந்த மனுஷருக்குத் தெரியாது, யாராவது தெரியவைக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார். தலைவருக்கும் தெரியும். தனக்கும் தெரியும். தலைவர் தன் பேத்திக்கு ஈயம் இல்லாத வாத்தைத் தேடி வாங்கிவிட்டார். இரண்டு பேரில் யார் மேலான மனுஷன் என்று சொட்டுக்குத் தெளிவாகவே தெரிந்தது, தான் இல்லை.

ஆறு வாத்தையும் கழுவாமல் சோதித்தார். ஆறிலும் ஒன்றும் இல்லை.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. மண்டபத்தில் முன்வரிசையில் தங்கை, புதுப்புடவையில். பக்கத்தில் குட்டி. மாப்பிள்ளை மேடையோரம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். எல்லார் கையிலும் முன்கூட்டியே தட்டு வந்துவிட்டது, ஏரி வாத்துக் குழம்பும் ஓரத்தில் வறுத்த ஈரலும். தலைவர் பேசி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து முதல் வாய் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தலைவர் பேசினார். “நண்பர்களே, சிலர் கேட்கிறார்கள், ஏரியில் சேறு இருக்கிறதே என்று. சேறு இல்லாத ஏரி உண்டா? சிலர் கேட்கிறார்கள், வாத்துகள் ஏன் பறப்பதில்லை என்று. நான் கேட்கிறேன், நன்றாக இருக்கிற இடத்தைவிட்டு யாராவது பறப்பார்களா? இருபது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், நான் பறந்தேனா?” கைதட்டல் எழுந்தது. “எங்கள் சோதனைக்கூடத்தில் இதுவரை ஒரு வாத்துகூடத் தோற்றதில்லை. தோற்கவிட மாட்டோம்.” மறுபடி கைதட்டல்.

மாப்பிள்ளை கேடயம் வாங்கினார். சொட்டு பதவி உயர்வு ஆணை வாங்கினார். “இப்போது நம் சோதனையாளர் பச்சைச் சீட்டை வாசிப்பார்,” என்று செயலாளர் அம்மா ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்.

சீட்டு சட்டைப் பையில் இருந்தது. கையை விட்டு எடுத்தபோது வந்தது குறிப்பேடு. வேண்டுமென்றே எடுத்தாரா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கீழே குட்டி தட்டிலிருந்த ஈரலை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏழு மாசக் கணக்கு,” என்று படித்தார். “கழுவாம எடுத்தது. மொத மாசம், ஈயம் ஒன்பது மடங்கு. ரெண்டாவது மாசம் பத்து மடங்கு. மூணாவது மாசம் பன்னெண்டு. போன மாசம் பதினாலு மடங்கு.”

பின்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள், சடசடவென்று எல்லாரும் தட்டினார்கள். மேடையிலிருந்து எண்கள் ஏறுவரிசையில் வந்தால் தட்ட வேண்டும் என்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் பழக்கம். தலைவரே முதலில் கொஞ்சம் வெளிறிப்போய், கைதட்டலைக் கேட்டதும் சுதாரித்து, சொட்டின் தோளில் கைபோட்டார்.

“போன வருஷம் எவ்வளவு?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

“ஒண்ணுகூட இல்லைங்க.”

“ஒண்ணுகூட இல்லாத இடத்திலேருந்து பதினாலு மடங்கு,” என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. கூரை அதிர்ந்தது. செயலாளர் அம்மா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

“அதைச் சாப்பிடாதீங்க,” என்றார் சொட்டு. ஒலிபெருக்கி இல்லாமல் அது மேடையின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. கீழே முதல் வாய் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

சொட்டு மேடையிலிருந்து குதித்தார். அந்த வயதில் குதித்தால் எப்படி விழ வேண்டுமோ அப்படி விழுந்து எழுந்து ஓடினார். குட்டியின் தட்டைப் பிடுங்கினார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. தங்கை ஏற்கெனவே குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அந்த மண்டபத்தில் கைதட்டாதவள் அவள் ஒருத்திதான். அண்ணன் படித்ததை அவள் மட்டும்தான் கேட்டிருந்தாள், ஏனென்றால் அண்ணன் படிக்கிறான் என்பதற்காகக் கேட்டாள்.

“இது என்ன கணக்கு?”

“விஷம்மா. வாத்துல இருக்கிற விஷம். ஈரல்லதான் அதிகமா இருக்கும்.”

“உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

“ஏழு மாசமா.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள். “அதான் ஏழு மாசமா உனக்கு வயிறு சரியில்லாம இருந்துச்சா.”

மாப்பிள்ளை கேடயத்தோடு சிரித்துக்கொண்டே அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். சுற்றிலும் ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சொட்டு ஒவ்வொரு வரிசையாகப் போய்த் தட்டைப் பிடித்து இழுத்தார். நாலைந்து பேர் கீழே வைத்துவிட்டார்கள், மற்றவர்கள் பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில் என்னவோ செய்கிறார் என்று இடம்விட்டு உட்கார்ந்தார்கள். விழாக் குறிப்பில் செயலாளர் அம்மா, ‘சோதனையாளர் வளர்ச்சிப் புள்ளிவிவரங்களை வாசித்தார், பலத்த கைதட்டல், பின் விருந்தினரை நேரில் உபசரித்தார்’ என்று எழுதினார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் குட்டிக்கு ரத்தம் எடுத்தார்கள். சொட்டு கூட வருகிறேன் என்றதற்குத் தங்கை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெஞ்சின் ஒரு கோடியில் அவள், மறுகோடியில் அவர், நடுவில் குட்டி, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் ரத்தம் பார்க்கிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இரக்கமான முகம். “யாரு, நீங்களா கூட வந்தது? எண் கொஞ்சம் கூடவே காட்டுது. பயப்படாதீங்க, எதுக்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கறேன். ரெண்டாவது தடவை பொதுவா கம்மியாத்தான் வரும். அதையே எழுதிடலாம், உங்களுக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்.”

தங்கை திரும்பிச் சொட்டைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ரத்தம் பார்க்கிற பெண் கெட்டவள் இல்லை. எத்தனை நல்ல குரலில் இதைச் சொல்ல முடிகிறது என்று சொட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“வேணாம்மா,” என்றார். “மொதல்ல வந்ததையே எழுதுங்க. கழுவாதீங்க.”

“மறுபடி பாக்க வேணாம்னா நீங்க ஒரு கையெழுத்துப் போடணுமே.”

போட்டார். கையெழுத்து அலமாரிக் கதவில் இருப்பதைப் போலவே அழகாக வந்தது. அந்தப் பெண் உள்ளே போய் ஒரு சீட்டை எழுதிக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தாள். தங்கை அதை வாங்கி எண்ணைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு நாலாக மடித்துக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

“மாமா,” என்றாள் குட்டி, “எனக்கு எவ்ளோ வந்திருக்கு? நெறையவா?”

சொட்டுக்கு “ம்” என்று வாயில் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

“நெறைய வந்திருக்குடா கண்ணு.”

குட்டி சிரித்தாள். நேற்று மண்டபத்தில் பார்த்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கிப் படபடவென்று தட்டினாள். பஞ்சு கீழே விழுந்தது. யாரும் சேர்ந்து தட்டாததால் கொஞ்ச நேரத்தில் அவளே நிறுத்திக்கொண்டாள்.